காணாத் துகளும் கணினி ஆய்வகமும்

நுழையும்முன்

அறிவியல் அளவையால் வளர்வது. அளக்கும் கருவியின்மீது நாம் கொள்ளும் நம்பிக்கையே ஒவ்வோர் அளவுக்கும் அடித்தளம். கண்ணுக்குப் புலப்படாததும் மின்சுமை அற்றதுமான நியூட்ரானை ஆராயும்போது, அந்த நம்பிக்கையை எவ்வாறு பெறுவது? கருவியின் குறையைக் கணக்கிட்டு அறியும் கணினி உருவகப்படுத்தல் என்னும் முறையையும், அதன் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாத்திரத்தின் எடை

நெய் வாங்கச் செல்பவர் தம் வீட்டுப் பாத்திரத்தைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். கடைக்காரர் வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து அதன் எடையைக் குறித்துக்கொள்கிறார். பிறகு நெய்யை ஊற்றி மீண்டும் எடைபோடுகிறார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நெய்யின் எடை. பாத்திரத்தின் எடையைக் கழிக்க மறந்தால் வாங்குபவருக்கு இழப்பு நேரும். கூடுதலாகக் கழித்தால் விற்பவருக்கு இழப்பு நேரும்.

அறிவியலாளர் செய்யும் எல்லா அளவீடுகளிலும் இத்தகைய ‘பாத்திரம்’ ஒன்று உண்டு. கருவி காட்டும் எண்ணில் இயற்கையின் பங்கும் கருவியின் பங்கும் கலந்தே இருக்கும். கருவியின் பங்கைப் பிரித்து நீக்கிய பிறகே இயற்கையின் பங்கு தெளிவாகும். ஆனால், அணுக்கரு இயற்பியலில் பாத்திரத்தை மட்டும் தனியே எடைபோடுவது பலவேளைகளில் இயலாது. அங்கே அந்தப் பாத்திரத்தைக் கணினிக்குள் கட்டி எடைபோடுகிறார்கள். அதுவே உருவகப்படுத்தல்.

மின்சுமை அற்ற துகள்

1932ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். பெரிலியத்தின்மீது ஆல்பா துகள்கள் மோதும்போது அதிலிருந்து ஏதோ ஒரு கதிர் வெளிப்படுகிறது என்பது அதற்கு முன்னரே தெரிந்திருந்தது. அது காமா கதிராக இருக்கலாம் என்று பலர் கருதினர். அக்கதிர் பாரபின் மெழுகின்மீது விழுந்தபோது மெழுகிலிருந்து புரோட்டான்கள் விசையுடன் வெளியேறின. அவற்றின் ஆற்றலை ஆராய்ந்த சாட்விக், காமா கதிரால் இத்தகைய உதையைத் தர இயலாது என்றும், புரோட்டானை ஒத்த நிறையுடைய, மின்சுமை அற்ற ஒரு துகளே அதைத் தந்திருக்க வேண்டும் என்றும் நிறுவினார்.

இங்கு ஒன்றை உற்றுநோக்க வேண்டும். சாட்விக் நியூட்ரானை நேரில் காணவில்லை. அது உதைத்துத் தள்ளிய புரோட்டானையே கண்டார். இன்றுவரை எல்லா நியூட்ரான் ஆய்வுகளிலும் நிலைமை இதுதான். மின்சுமை உடைய துகள், தான் செல்லும் வழியிலுள்ள அணுக்களின் எலக்ட்ரான்களைப் பெயர்த்துக்கொண்டே செல்லும். அத்தடயம் மின்துடிப்பாக மாறிக் கருவியில் பதியும். நியூட்ரானோ எலக்ட்ரான்களுக்கு நடுவே தடயமின்றிக் கடந்துவிடும். அது ஓர் அணுக்கருவோடு மோதினால்தான், அந்த மோதலில் பிறக்கும் வேறொரு துகளை அல்லது கதிரைக் கொண்டு அதன் வருகையை அறியலாம்.

ஏன் அளக்க வேண்டும்?

நியூட்ரான் ஓர் அணுக்கருவை அடையும்போது பல நிகழ்ச்சிகள் நேரலாம். அது மோதித் திசைமாறிச் செல்லலாம். இதனைச் சிதறல் என்பர். அணுக்கரு அதை உள்வாங்கிக்கொண்டு, மிகுந்த ஆற்றலைக் காமா கதிர்களாக வெளியிடலாம். இது பிடிப்பு வினை. யுரேனியம் போன்ற கனமான அணுக்கரு இரண்டாகப் பிளக்கவும் கூடும். இது பிளவு வினை. இவற்றுள் எது, எவ்வளவு வாய்ப்போடு நிகழும் என்பதைக் ‘குறுக்குப் பரப்பு’ என்னும் அளவால் குறிக்கின்றனர். நியூட்ரானின் பார்வையில் அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்காகத் தோன்றுகிறது என்பதே அதன் பொருள்.

இந்த எண் வெறும் ஏட்டளவிலான செய்தி அன்று. அணுஉலைக்குள் தொடர்வினை சீராக நடைபெறுமா, உலையைத் தாங்கும் எஃகு எத்தனை நியூட்ரான்களை விழுங்கும், கதிரியக்கக் கழிவில் எவை எவ்வளவு சேரும் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை குறுக்குப் பரப்பிலிருந்தே தொடங்குகிறது.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் உள்ளது. அதில் தோரியம் அடங்கியுள்ளது. தோரியம்-232 ஒரு நியூட்ரானைப் பிடித்துத் தோரியம்-233 ஆகிறது. பின்னர் புரோட்டாக்டினியம்-233 ஆகி, இறுதியில் யுரேனியம்-233 என்னும் எரிபொருளாக மாறுகிறது. கல்பாக்கத்தில் உள்ள காமினி என்னும் சிறிய ஆய்வு உலை இந்த யுரேனியம்-233ஐக் கொண்டே இயங்குகிறது. தோரியம் எவ்வளவு திறமையாக நியூட்ரானைப் பிடிக்கும் என்னும் ஓர் எண் சரியாகத் தெரிந்தால்தான் அதனை எரிபொருளாக மாற்றும் திட்டங்களைச் சரியாக வகுக்க முடியும்.

விண்மீன்களுக்குள்ளும் இதே வினை நிகழ்கிறது. இரும்பைவிடக் கனமான தனிமங்களுள் ஏறத்தாழப் பாதியளவு, முதிர்ந்த விண்மீன்களின் உள்ளே நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல மெல்ல உருவானவை. அவ்வரலாற்றைக் கணக்கிடுவதற்கும் பிடிப்பு வினையின் குறுக்குப் பரப்பே தேவைப்படுகிறது.

தெரியுமா?

குறுக்குப் பரப்பின் அலகு ‘பார்ன்’ எனப்படும். ஒரு பார்ன் என்பது 10⁻²⁸ சதுர மீட்டர். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குத் தானியக் களஞ்சியம் என்பது பொருள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க இயற்பியலாளர்கள் இப்பெயரைச் சூட்டினர். அணுக்கருவின் அளவில் அவ்வளவு சிறிய பரப்பே களஞ்சியத்தைப் போலப் பெரிய இலக்கு என்னும் நகைச்சுவை அதில் ஒளிந்துள்ளது.

ஓட்டப்பந்தயம் போன்ற ஓர் ஆய்வு

நியூட்ரானின் ஆற்றல் மாறும்போது குறுக்குப் பரப்பும் மாறும். சில குறிப்பிட்ட ஆற்றல்களில் அது திடீரென்று பன்மடங்கு உயர்ந்து தாழும். இதனை ஒத்ததிர்வு என்பர். எனவே, கருவிக்கு வந்து சேரும் ஒவ்வொரு நியூட்ரானின் ஆற்றலையும் தனித்தனியே அறிய வேண்டியுள்ளது. இதற்குக் கையாளப்படும் முறை ‘பறக்கும் நேர முறை’ ஆகும்.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் இதற்கென ஓர் ஆய்வுக்கூடம் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. அங்கே முடுக்கப்பட்ட புரோட்டான்கள் ஒரே துடிப்பாக வந்து ஓர் ஈயக் கட்டியின்மீது மோதுகின்றன. ஒரு துடிப்பில் ஏறத்தாழ ஏழு இலட்சம் கோடி புரோட்டான்கள் இருக்கும். ஒவ்வொரு புரோட்டானும் ஏறத்தாழ 300 நியூட்ரான்களை ஈயத்திலிருந்து வெளியேற்றும். இவற்றுள் சிறு பகுதி, ஏறத்தாழ 185 மீட்டர் நீளமுள்ள குழாய் வழியே பயணம் செய்து ஆய்வுப்பொருளை அடைகிறது.

இதனை ஓர் ஓட்டப்பந்தயமாகக் கருதலாம். எல்லா நியூட்ரான்களும் ஏறத்தாழ ஒரே நொடியில் புறப்படுகின்றன. விரைவானவை முதலில் வருகின்றன, மெதுவானவை பின்னர் வருகின்றன. பத்து இலட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரான் 185 மீட்டரை ஏறத்தாழ 13 மைக்ரோ நொடியில் கடக்கும். ஒரே ஓர் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரானுக்கு ஏறத்தாழ 13 மில்லி நொடி தேவைப்படும். ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஆற்றலில் பத்து இலட்சம் மடங்கு வேறுபாடு நேரத்தில் ஆயிரம் மடங்கு வேறுபாடாகத் தெரிகிறது. எப்போது வந்தது என்பதை அறிந்தால், எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதையும் அறிந்துவிடலாம்.

கருவியின் மூன்று குறைகள்

ஆய்வுப்பொருள் நியூட்ரானைப் பிடித்ததா என்பதை, அப்போது வெளிவரும் காமா கதிர்கள் காட்டிக்கொடுக்கின்றன. அக்கதிர்களை உணர்வதற்கு இருவகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒருவகை, ஆய்வுப்பொருளை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்ளும். செர்ன் ஆய்வுக்கூடத்தில் பேரியம் புளோரைடுப் படிகங்கள் நாற்பதை ஒரு கோளமாக அடுக்கி இவ்வகைக் கருவியை அமைத்துள்ளனர். மற்றொரு வகை, ஆய்வுப்பொருளின் அருகே வைக்கப்படும் சிறு நீர்மக் கலன் ஆகும். காமா கதிர் பட்டால் அந்நீர்மம் நொடியின் சிறு கூறில் ஒளியை உமிழும்.

எவ்வகைக் கருவியாயினும் அதற்கு மூன்று குறைகள் உண்டு.

முதலாவது, அது எல்லாக் கதிர்களையும் காண்பதில்லை. சில கதிர்கள் கருவியின் பக்கமே வருவதில்லை; வந்தவற்றுள் சில தடயமின்றி ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. கண்டது நூற்றில் எத்தனை என்பது தெரியாமல், எண்ணிக்கைக்குப் பொருள் இல்லை.

இரண்டாவது, அது காணக்கூடாததைக் காண்கிறது. ஆய்வுப்பொருளில் பட்டுச் சிதறிய நியூட்ரான், கருவிக்குள்ளேயே நுழைந்து அங்குள்ள அணுக்கருவால் பிடிக்கப்படலாம். அப்போது பிறக்கும் காமா கதிரை, ஆய்வுப்பொருளிலிருந்து வந்ததாகவே கருவி பதிவுசெய்யும். இதனைத் தவிர்ப்பதற்காக, நீர்மக் கலனில் சாதாரண பென்சீனுக்கு மாற்றாக டியூட்டீரியம் சேர்ந்த பென்சீனை நிரப்புகின்றனர். மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் குறுக்குப் பரப்பு சாதாரண ஹைட்ரஜனுக்கு 0.33 பார்ன், டியூட்டீரியத்துக்கோ ஏறத்தாழ 0.0005 பார்ன் மட்டுமே. கலனின் உறையையும் அலுமினியத்துக்கு மாற்றாகக் கரிம இழையால் அமைத்து, இக்குறையை மேலும் குறைத்துள்ளனர்.

மூன்றாவது, கருவி தனித்து நிற்பதில்லை. அதைத் தாங்கும் சட்டம், நியூட்ரான் வரும் குழாய், ஆய்வுப்பொருளை ஒட்டிய தகடு, அறையின் சுவர் ஆகிய அனைத்தும் கதிர்களைச் சிதறச்செய்கின்றன, புதியனவற்றைப் பிறப்பிக்கின்றன. கருவியின் விடையில் அறை முழுவதின் பங்கும் கலந்திருக்கிறது.

இம்மூன்றையும் காகிதத்தில் சூத்திரமாக எழுதித் தீர்ப்பது அரிது. ஒரு நியூட்ரானின் வாழ்வில் ஒவ்வொரு படியிலும் வாய்ப்பே ஆட்சி செய்கிறது. எனவே, வாய்ப்பைக் கொண்டே வாய்ப்பைக் கணக்கிடும் வழி தேவைப்பட்டது.

சீட்டாட்டத்தில் பிறந்த முறை

1946ஆம் ஆண்டு கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவந்த காலத்தில், தனியாக ஆடும் சீட்டாட்டத்தில் பொழுதைக் கழித்தார். ஓர் ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்னும் கேள்வி அவருள் எழுந்தது. சீட்டுகள் அமையும் முறைகள் அனைத்தையும் கணக்கிட்டு விடை காண்பது மலைப்பாக இருந்தது. நூறு முறை ஆடிப்பார்த்து, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிட்டால் போதாதா என்று அவர் எண்ணினார். அந்த எண்ணம் அங்கேயே நின்றுவிடவில்லை. பொருளுக்குள் பரவும் நியூட்ரான்களின் கணக்கையும் இவ்வாறே தீர்க்கலாமே என்று அவருடைய சிந்தனை விரிந்தது.

அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உலாமுடன் பணியாற்றிய ஜான் வான் நியூமன் இதன் பயனை உடனே உணர்ந்தார். 1948ஆம் ஆண்டில் எனியாக் என்னும் தொடக்ககாலக் கணினியில் இம்முறைப்படி நியூட்ரான் கணக்குகள் செய்யப்பட்டன. அதற்கான நிரலாக்கப் பணியில் கிளாரா வான் நியூமனுக்குப் பெரும்பங்கு உண்டு. சூதாட்டக் கூடங்களுக்குப் பெயர்பெற்ற மொனாக்கோ நாட்டுப் பகுதியின் பெயரால், நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் இம்முறைக்கு ‘மாண்டி கார்லோ’ என்று பெயரிட்டார். உலாமும் மெட்ரோபோலிசும் எழுதிய, அப்பெயரையே தலைப்பாகக் கொண்ட ஆய்வுக்கட்டுரை 1949ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று வானிலை, பொருளியல், மருத்துவம் எனப் பல துறைகளிலும் பரவியுள்ள இம்முறை, பிறந்த காலத்திலேயே நியூட்ரானின் பயணத்தைக் கணக்கிடப் பயன்பட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கணினிக்குள் ஓர் ஆய்வகம்

இன்று நியூட்ரான் ஆய்வாளர் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளுள் ஜியன்ட்-4 என்பது குறிப்பிடத்தக்கது. பல நாட்டு அறிவியலாளரின் கூட்டு முயற்சியால் உருவான இதன் முதற்பதிப்பு 1998ஆம் ஆண்டு வெளியானது. இதைக் கொண்டு ஓர் உணர்கருவியை உருவகப்படுத்துவோர் ஐந்து படிகளில் பணியாற்றுகின்றனர்.

முதற்படி, கட்டுமானம். ஆய்வுப்பொருள், நீர்மக் கலன், அதன் உறை, குழாய், தாங்கும் சட்டம், சுவர் ஆகிய ஒவ்வொன்றின் வடிவத்தையும் அளவையும் இடத்தையும் எழுதுகின்றனர். ஒவ்வொன்றும் எந்தெந்தத் தனிமங்களால் ஆனது, அதன் அடர்த்தி யாது என்பனவும் குறிக்கப்படும்.

இரண்டாம் படி, இயற்பியல் விதிகள். எந்த ஆற்றலில் எந்த அணுக்கரு எவ்வாறு வினைபுரியும் என்னும் தரவுகளைக் கணினிக்கு அளிக்கின்றனர்.

மூன்றாம் படி, தோற்றுவாய். நியூட்ரான்கள் எங்கிருந்து, எத்திசையில், எந்த ஆற்றலோடு புறப்படுகின்றன என்பதை வரையறுக்கின்றனர்.

நான்காம் படி, பயணம். கணினி ஒரு நியூட்ரானைப் புறப்படச் செய்கிறது. அது அடுத்த மோதல்வரை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை ஒரு சமவாய்ப்பு எண் முடிவுசெய்கிறது. மோதியபின் சிதறுமா, பிடிபடுமா என்பதை மற்றோர் எண் முடிவுசெய்கிறது. காமா கதிர்கள் பிறந்தால் அவையும், அவை பெயர்த்த எலக்ட்ரான்களும் ஒன்றுவிடாமல் பின்தொடரப்படுகின்றன. எல்லாத் துகள்களும் ஓய்ந்த பின் அடுத்த நியூட்ரான் புறப்படும்.

ஐந்தாம் படி, பதிவு. கலனுக்குள் படிந்த ஆற்றல் எவ்வளவு என்பது ஒவ்வொரு நிகழ்விலும் குறிக்கப்படுகிறது. இலட்சக்கணக்கான நிகழ்வுகளைத் தொகுத்தால், மெய்யான கருவி காட்டவேண்டிய வரைபடம் கிடைக்கிறது.

மெய்யான ஆய்வகத்தில் காண இயலாத ஒன்றை இங்கே காணலாம். பதிவான ஒவ்வொரு துடிப்பையும் பார்த்து, நீ எங்கிருந்து வந்தாய் என்று வினவலாம். ஆய்வுப்பொருளிலிருந்து வந்தது எது, சுவரில் பட்டுத் திரும்பியது எது, கருவிக்குள்ளேயே பிறந்தது எது என்று கணினி பிரித்துச் சொல்லும். பாத்திரத்தின் எடையைத் தனியே அறியும் வழி இதுவே.

இரும்பு கற்பித்த பாடம்

உருவகப்படுத்தலின் தேவையை உணர்த்திய நிகழ்வு ஒன்று இரும்பின் வரலாற்றில் உண்டு. இரும்பு-56 என்னும் ஐசோடோப்பு, 1.15 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரானுக்கு வலுவான ஒத்ததிர்வைக் காட்டுகிறது. அணுஉலைகளின் கட்டமைப்பில் இரும்பு பெரும்பங்கு வகிப்பதால், இந்த ஒத்ததிர்வின் வலிமையைத் துல்லியமாக அறிவது இன்றியமையாததாயிற்று.

அதனை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஊடுருவல் முறை. வழியில் இரும்புத் தகட்டை வைத்தும் எடுத்தும் நியூட்ரான்களை எண்ணி, இரண்டையும் வகுத்துப் பார்ப்பது. இரு எண்ணிக்கையிலும் கருவியின் குறை ஒரே அளவில் கலந்திருப்பதால், வகுக்கும்போது அக்குறை நீங்கிவிடும். மற்றொன்று, பிடிப்பு முறை. வெளிவரும் காமா கதிர்களைக் கொண்டு, பிடிபட்டவற்றை எண்ணுவது. இங்கே கருவியின் திறனை அறிந்தே ஆகவேண்டும்.

பிடிப்பு முறையில் ஒரு சிக்கல் உண்டு. நியூட்ரானைப் பிடித்த இரும்பு அணுக்கரு ஏறத்தாழ 76 இலட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை வெளியிடும். அதனை ஒரே காமா கதிராகவும் வெளியிடலாம். பல சிறு கதிர்களாகப் பகிர்ந்தும் வெளியிடலாம். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளங்கிக்கொள்வோம். வாயிலைக் கடக்கும் ஒவ்வொருவரும் ஐந்நூறு ரூபாய் கொண்டுசெல்கின்றனர். சிலர் ஒரே தாளாகவும், சிலர் ஐந்து நூறு ரூபாய்த் தாள்களாகவும் வைத்துள்ளனர். வாயிற்காவலரின் கண்ணுக்குச் சில தாள்களே தென்படுகின்றன. ஐந்நூறு ரூபாய்த் தாள் நூற்றில் பத்துமுறையும், நூறு ரூபாய்த் தாள் நூற்றில் இரண்டுமுறையும் அவர் கண்ணில் படும் என்று கொள்வோம். அப்போது, பணத்தை எவ்வாறு பிரித்து வைத்திருந்தாலும், தென்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். காணும் வாய்ப்பு மதிப்புக்கு நேர்விகிதத்தில் அமைந்தால், பிரித்த விதம் விடையைப் பாதிக்காது.

மெய்யான கருவி இந்த விகிதத்தைத் தானாகப் பின்பற்றுவதில்லை. எனவே, பதிவான ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் உயரத்துக்கேற்ப ஓர் எடைமதிப்பைக் கணக்கில் அளித்து அந்த விகிதத்தை உண்டாக்குகின்றனர். 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்லின், கிப்பன்ஸ் ஆகியோர் இம்முறையை அறிமுகப்படுத்தினர். எடைமதிப்பு சரியாக அமைய வேண்டுமாயின், ஒவ்வோர் ஆற்றலுடைய காமா கதிருக்கும் கருவி எவ்வாறு விடையளிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

1980களில் இரும்பின் ஒத்ததிர்வை இரு முறைகளாலும் அளந்து ஒப்பிட்டபோது, விடைகள் ஒத்துவரவில்லை. வேறுபாடு ஏறத்தாழ 20 விழுக்காடு வரை இருந்தது. இரும்பு ஒன்றே; ஒத்ததிர்வும் ஒன்றே. ஆயின், பிழை எங்கே?

பிழை இரும்பில் இல்லை, எடைமதிப்பில் இருந்தது. பழைய கணக்கு, கருவியைத் தனித்து நிற்கும் பொருளாகக் கருதியிருந்தது. உண்மையில், ஆய்வுப்பொருளிலும் உறையிலும் சுற்றியுள்ள பிற பொருள்களிலும் காமா கதிர்கள் மோதும்போது எலக்ட்ரான்கள் பெயர்ந்து, நீர்மத்துக்குள் பாய்ந்து ஒளியை உண்டாக்கின. ஆற்றல் மிகுந்த கதிர்களில் இவ்விளைவு பெரிது. இரும்பின் அந்த ஒத்ததிர்வு வெளியிடும் கதிர்களும் ஆற்றல் மிகுந்தவை. அதனால்தான் இரும்பில் பிழை வெளிப்பட்டது.

பெல்ஜியத்தின் கீல் நகர ஆய்வகத்தினர், ஆற்றல் நன்கு தெரிந்த காமா கதிர்களைக் கருவியின்மீது விழச்செய்து அதன் விடையை நேரடியாக அளந்தனர். ஓக் ரிட்ஜ் ஆய்வாளர்கள் சுற்றியுள்ள பொருள்களையும் சேர்த்து மாண்டி கார்லோ முறையில் கணக்கிட்டனர். புதிய எடைமதிப்புகளைப் பயன்படுத்தியபோது இருபது விழுக்காட்டு வேறுபாடு மறைந்தது. பின்னர் செர்ன் ஆய்வுக்கூடத்தினர் பொன், வெள்ளி, இரும்பு ஆகியவற்றைக் கொண்டு இம்முறையைச் சோதித்து, உருவகப்படுத்தலால் பெறும் எடைமதிப்புகளை 2 விழுக்காட்டுக்குள் நம்பலாம் என்பதை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அதே ஆய்வுக்கூடத்தில், இதே வகை நீர்மக் கருவிகளைக் கொண்டு தோரியம்-232இன் பிடிப்பு வினையும் அளக்கப்பட்டுள்ளது.

எண்ணிக்கை தரும் துணிவு, தராத தெளிவு

உருவகப்படுத்தலுக்கும் குறைகள் உண்டு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என இருவகைப் பிழைகளைப் பயில்கிறோம். மாண்டி கார்லோ முறையில் 10,000 நிகழ்வுகளை எண்ணினால், அதன் இருமடி மூலமாகிய 100 அளவுக்கு ஒழுங்கற்ற பிழை நேரும். அது ஒரு விழுக்காடு. பத்து இலட்சம் நிகழ்வுகளை எண்ணினால் பிழை 0.1 விழுக்காடாகக் குறையும். கணினியை மேலும் இயக்கினால் அது மேலும் குறையும்.

முறையான பிழையோ அவ்வாறு குறைவதில்லை. உறையின் தடிமனைத் தவறாக எழுதியிருந்தால், நூறு கோடி நியூட்ரான்களைச் செலுத்தினாலும் விடை தவறாகவே இருக்கும். அது மட்டுமன்று, சிறிய பிழை எல்லையோடு, மிகவும் உறுதியான தோற்றத்தோடு அத்தவறு வெளிவரும். இரும்பின் நிகழ்விலும் குறையாக இருந்தது எண்ணிக்கை அன்று. கணக்கில் சேர்க்கப்படாமல் விடுபட்ட பொருள்களே.

ஆகவேதான், உருவகப்படுத்தலின் விடையை எந்த ஆய்வாளரும் அப்படியே ஏற்பதில்லை. ஆற்றல் தெரிந்த கதிர்மூலங்களைக் கருவியின்முன் வைத்து அளந்து, கணினி முன்னரே சொன்னதோடு ஒப்பிடுகின்றனர். இரண்டும் பொருந்திய பிறகே, அளந்து பார்க்க இயலாத இடங்களில் கணினியின் சொல்லை நம்புகின்றனர்.

உவமையும் உருவகமும்

தமிழ் அணியிலக்கணத்தில் ‘மதிமுகம்’ என்பது உவமை. ‘முகமதி’ என்பது உருவகம். உவமையில் முகமும் மதியும் வேறுவேறாகவே நிற்கின்றன. ஒப்புமை மட்டுமே சொல்லப்படுகிறது. உருவகத்தில் வேறுபாடு நீங்கி, முகமே மதியாகிவிடுகிறது. கவிஞனுக்கு அந்த உரிமை உண்டு.

அறிவியலாளர் தம் பணிக்கு ‘உருவகப்படுத்தல்’ என்று பெயரிட்டிருந்தாலும், அதனை உவமையாகவே கொள்ளவேண்டியவர். கணினிக்குள் உள்ள கருவி, ஆய்வகத்தில் உள்ள கருவியை ஒத்தது, அக்கருவியே அன்று. எங்கெங்கு ஒக்கிறது, எங்கெங்கு ஒக்கவில்லை என்று தேடும் விழிப்புணர்வு இருக்கும்வரை அது நம்மை உண்மைக்கு அருகில் அழைத்துச்செல்லும். அவ்விழிப்பு மறைந்தால், பாத்திரத்தையும் நெய்யாக எண்ணி விலைகொடுக்க நேரிடும்.

சாட்விக் தாம் காணாத துகளை, அது விட்டுச்சென்ற உதையைக் கொண்டு அறிந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் தம் கருவி எங்கே தவறக்கூடும் என்பதையும் கணக்கிட்டு அறியக் கற்றனர். தன் அளவுகோலையே முதலில் ஐயுற்று ஆராயும் அந்த நேர்மையால்தான் ஒரு வெற்று எண் நம்பத்தக்க உண்மையாகிறது.

கற்பவை கற்றபின்…

1. ஒரு பகடையை நியூட்ரானின் வாய்ப்பாகக் கொள்க. மூன்று அடுக்குகள் கொண்ட தகட்டின் ஒவ்வோர் அடுக்கிலும் பகடையை ஒருமுறை உருட்டுக. ஒன்று விழுந்தால் நியூட்ரான் பிடிபட்டது. மற்ற எண்கள் விழுந்தால் அடுத்த அடுக்குக்குச் சென்றது. இவ்வாறு 60 நியூட்ரான்களை அனுப்பி, மூன்று அடுக்குகளையும் கடந்தவற்றை எண்ணுக. கணக்கின்படி ஏறத்தாழ 35 கடந்திருக்க வேண்டும். வகுப்பிலுள்ள அனைவரின் எண்ணிக்கைகளையும் தொகுத்து, சராசரி அவ்வெண்ணை நெருங்குகிறதா என்று ஒப்பிடுக.

2. ஒரு முனை சற்றுத் தேய்ந்த பகடையால் அதே செயலைச் செய்தால் விடை எவ்வாறு மாறும்? அதிக முறை உருட்டுவதால் அப்பிழை நீங்குமா? வகுப்பில் கலந்துரையாடுக.

3. அன்றாட வாழ்வில் அளக்கும் கருவியின் பங்கைக் கழித்தறியும் நிகழ்வுகள் மூன்றினைத் தொகுத்து எழுதுக.